குளிர் கடலுக்குள்ள தாண்டுபோன கப்பலைப் பாக்கப் போறது எப்பிடி: எங்கட வன்னிச் சுழியோடிப் பெடியளுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன ஆடி மாசம் லீவுக்கு முல்லைத்தீவுக்கு வரேக்க என்ர ட்ரை சூட்டையும் (குளிர் கடலில சுழியோடப் போடுற, தண்ணி உள்ளுக்கு வராத உடுப்பு) பெட்டிக்குள்ள சுருட்டி வைச்சுக் கொண்டந்தனான், கழுத்துப் பக்கம் எங்கயோ தண்ணி ஒழுகுது, எங்க எண்டு கண்டுபிடிக்க வெளிநாட்டில நேரம் கிடைக்கேல்லை. சித்தப்பான்ர வாடியில வைச்சு ரெண்டு கை ஓட்டைக்கும் சோடாப் போத்தலும் கழுத்துக்கு உரிச்ச தேங்காயும் அடைச்சு, சைக்கிள் பம்பால காத்தடிச்சு, சவர்க்காரத் தண்ணி பூசிப் பாத்தா பின்பிடரிச் சீலில ஊசிமுனை அளவு ஒரு ஓட்டையால நுரை வருது. சுத்தி நிண்ட பெடியளுக்குச் சிரிப்பு, தலையில்லாத ஆள் ஒண்டு ஊதிப்போய்க் கிடக்கிற மாதிரித்தான் அது கிடந்தது. ஒருத்தன் உடன போட்டுப் பாக்க வேணும் எண்டு நிண்டான், அந்த வெயிலில அஞ்சு நிமிசம் தாங்கேல்லை, கழட்டிவிடண்ணை எண்டு கத்தத் தொடங்கீட்டான்.

பேந்து கேள்வி தொடங்கினது. இதைப் போட்டுக்கொண்டு எங்க இறங்கிறனீங்கள், என்னத்தைப் பிடிக்கிறனீங்கள் எண்டு. ஒண்டும் பிடிக்கிறேல்லை, ஸ்கொட்லாந்துப் பக்கம் குளிர் கடலுக்குள்ள தாண்ட கப்பலைப் பாத்திட்டு வாறதுதான் எண்டு சொல்ல ஆரும் நம்பேல்லை. 35 மீற்றர் எண்டு சொல்ல, "அண்ணை, நாங்கள் கடலட்டைக்கு டெய்லி போற ஆழம், உதெல்லாம் ஒரு விசயமே" எண்டான் ஒருத்தன். உண்மைதான், ஆழம் அவனுக்கு என்னை விடப் பழக்கம். ஆனா அவன் போற முறையிலயே அங்க போனா முதல் நாளே ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டிவரும். அதுதான் இதை ஆறுதலா இருந்து எழுதிறன், இஞ்ச இருக்கிற பெடியளுக்கும் லண்டன், நோர்வே, கனடா எண்டு போய் குளிருக்குள்ள இருக்கிற எங்கட பெடியளுக்கும் சேத்துத்தான். விசா டிக்கெற் கதை இதுக்குள்ள இல்லை.

எந்தக் கப்பல், ஏன் அங்க

நான் சொல்லுறது ஸ்கொட்லாந்துக்கு வடக்கால இருக்கிற ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவில கிடக்கிற ஸ்காப்பா ஃப்ளோ எண்ட இடம். சுத்தவர தீவு, நடுவில ஒரு பெரிய களப்பு மாதிரிக் கடல், எங்கட நந்திக்கடலைக் கனக்கப் பெருசாக்கி ஆழமாக்கி ஐஸ் தண்ணி ஊத்தின மாதிரி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. முதலாம் உலக யுத்தம் 1918 நவம்பரில நிண்ட உடன ஜேர்மன்காரரின்ர 74 போர்க்கப்பலைக் கொண்டந்து இதுக்குள்ள தடுத்து வைச்சவை. அதுக்குப் பொறுப்பா இருந்த ஜேர்மன் அட்மிரல் லூட்விக் ஃபொன் ரொய்ட்டர், கப்பலெல்லாம் எதிரியின்ர கையில போகப்போகுது எண்டு நினைச்சு 1919 யூன் 21 காலமை எல்லாத்தையும் தண்ணிக்குள்ள தாட்டுவிடச் சொல்லி சிக்னல் குடுத்தார். அடியில வால்வைத் திறந்துவிட்டு 52 கப்பல் ஒரே நாளில தாண்டது. அண்டைக்கு ஓர்க்னியில இருக்கிற ஸ்ட்ரொம்னஸ் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையள் படகில டூர் போயிருக்கினம், அதுகளின்ர கண்ணுக்கு முன்னால கப்பல் ஒண்டொண்டாக் கவிண்டிருக்கு. எனக்கு அந்தக் கதையில இதுதான் பிடிச்ச இடம்.

பேந்து 1924இல ஏர்னஸ்ட் கொக்ஸ் எண்ட ஒரு பழைய இரும்பு வியாபாரி, எங்கட ஊர்களில இரும்பு வாங்க வாற ஆக்கள் மாதிரித்தான், என்ன அவர் கிலோக் கணக்கில இல்லாமல் கப்பல் கணக்கில வாங்கினார், சின்னதுகளை மிதக்கிற தொட்டியில சங்கிலி கட்டித் தூக்கியும், பெருசுகளை உள்ளுக்கு அமுக்கக் காத்து அடிச்சு மிதக்க வைச்சும் 30க்கு மேல கப்பலைத் தூக்கிப்போட்டார். மிச்சம் கிடக்கிற பெரிய கப்பல் ஏழு. கொனிக், குரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் எண்டு மூண்டு பட்டில்ஷிப் (பெரிய பீரங்கிப் போர்க்கப்பல்). கோல்ன், ட்ரெஸ்டன், ப்ரும்மர், கார்ல்ஸ்ரூ எண்டு நாலு சின்னக் குரூசர் (அதை விடச் சின்னப் போர்க்கப்பல்), சின்னன் எண்டாலும் ஒவ்வொண்டும் 140, 150 மீற்றர் நீளம். கார்ல்ஸ்ரூ 25 மீற்றரில, மற்றக் குரூசர் 35 சொச்சத்தில, பட்டில்ஷிப் 40க்குக் கிட்ட, மார்க்கிராஃப் 45. தண்ணி சித்திரையில 7 பாகை, நல்ல கோடை முடிஞ்சு புரட்டாசியில போனா 13. எங்கட கடல் 28, 29 எண்டு நிக்கிறது.

முதல் வேலை: தெரிஞ்சதில பாதியை மறக்கிறது

எங்கட கரையில சிலிண்டர் கட்டிப் போற பெடியள் எப்பிடிச் செய்யிறவை எண்டு எனக்குத் தெரியும், நானும் அந்த வீட்டுக்குள்ள வளந்தவன்தான். ஆழம் பாக்கிற மீற்றர் இல்லை, எவ்வளவு நேரம் நிக்கலாம் எண்டு கணக்குப் போடுற கொம்பியூற்றர் இல்லை, இழுக்க இறுகத் தொடங்கினா மேல வாறது, போட்டில அடுத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு திரும்ப இறங்கிறது, ஒரு நாளைக்கு நாலு அஞ்சு. என்ர பெரியம்மான்ர மூத்தவர் அப்பிடித்தான் ஒருநாள் மூண்டாவது சிலிண்டர் முடிச்சு ஏறி வர தோள்மூட்டு உளையுது எண்டிருக்கிறார், பாரம் தூக்கினதாக்கும் எண்டு எண்ணெய் பூசி, பிளேன்ரீ குடிச்சிட்டுப் படுத்திட்டார். விடிய எழும்பேக்க இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. வாதம் அடிச்சிட்டுது எண்டுதான் ஊரில கதைச்சவை. இப்ப தடி ஊண்டி நடக்கிறார்.

அது வாதம் இல்லை. ஆழத்தில அமுக்கம் கூட, 30 மீற்றரில மேல இருக்கிறதை விட நாலு மடங்கு, அப்ப நீங்கள் இழுக்கிற காத்தில இருக்கிற நைதரசன் இரத்தத்திலயும் கொழுப்பிலயும் நரம்பிலயும் போய்க் கரையுது. ஆறுதலா ஏறினா அது சுவாசத்தோட வெளிய போயிடும், கெதியா ஏறினா சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி உடம்புக்குள்ளயே குமிழியா வெளிக்கிடும். மூட்டில வந்தா உளைவு, முள்ளந்தண்டில வந்தா கால் போச்சு. அடுத்தடுத்து இறங்கினா முதல் இறக்கத்தில சேந்தது போகமுதல் மேல மேல சேரும். குளிர் இதைக் கூட்டும், ஏனெண்டா இறங்கேக்க உடம்பு சூடா இருந்து நைதரசனை நல்லா உறிஞ்சும், ஏறி வாற நேரம் விறைச்சுப்போய் இரத்த ஓட்டம் குறைஞ்சு அதை வெளிய விடாது. ஸ்காப்பாவில உங்கட பழக்கம் சரிவராது எண்டு நான் சொல்லுறது இதாலதான்.

கோர்ஸ், எந்த ஒழுங்கில

இஞ்ச இருந்து தொடங்கிறது எண்டா திருகோணமலைப் பக்கம் நிலாவெளி, உப்புவெளியில சுழியோடப் பழக்கிற இடங்கள் இருக்கு, சித்திரை வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை அங்க கடல் நல்லம், வாடைக்காத்து தொடங்கினா சரிவராது. ஓப்பின் வாட்டர் எண்ட தொடக்கக் கோர்ஸ், அதுக்குப் பிறகு அட்வான்ஸ்ட், பேந்து ஆழத்துக்கு டீப், ஒட்சிசன் கூட்டின காத்துக்கு நைற்றொக்ஸ். எனக்கு எல்லாம் தெரியும் எண்டு ஓப்பின் வாட்டரை வெக்கப்பட்டுக்கொண்டு செய்யாதேங்கோ, அதில மாஸ்க்கைக் கழட்டித் திரும்பப் போடுறது, மற்றவனோட காத்துப் பங்கிடுறது எண்டு வாற சின்ன விசயங்கள்தான் குளிருக்குள்ள கை விறைச்சுப்போய் நிக்கேக்க கைகுடுக்கும். மெடிக்கல் ஃபோமில பொய் எழுதாதேங்கோ, முட்டு வருத்தம், நெஞ்சுக் காயம், உள்ளுக்கு ஷெல் பீஸ் இருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர், நெஞ்சுப் பகுதியில காயப்பட்டவை டைவிங் தெரிஞ்ச டொக்டரிட்டக் கட்டாயம் காட்டுங்கோ.

கப்பலோட பழகிறதுக்கு சூடு தண்ணியிலயே நல்ல சாமான் கிடக்கு. 1942 சித்திரை 9, ஜப்பான் விமானங்கள் கிழக்குக் கரையில அடிச்ச நாள், அண்டைக்குத் தாண்ட பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ட எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் 25 மீற்றர் அளவில கிடக்கு. அதே நாள் தாண்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளிய 50 மீற்றருக்கும் கீழ, அது டெக்னிக்கல் ஆக்களுக்கு, அதாவது ஆழத்துக்கெண்டு தனிப் பயிற்சி எடுத்தவைக்கு மட்டும், இப்போதைக்கு அதை மறந்திடுங்கோ. மற்றதில நாலைஞ்சு தரம் இறங்கி, இரும்பு ஒண்டிலயும் முட்டாமல் ஒரே ஆழத்தில அசையாமல் நிண்டு பழகுங்கோ.

ட்ரை சூட் கோர்ஸ் குளிர் நாட்டிலதான். அதை முடிச்சு ஆகக் குறைஞ்சது ஒரு இருபது தரம் 20 மீற்றருக்குள்ள ட்ரை சூட்டோட இறங்கின பிறகுதான் ஸ்காப்பாவுக்கு புக் பண்ணுங்கோ. கோர்ஸ் முடிஞ்ச அடுத்த கிழமையே போற ஆக்கள் இருக்கினம், சிலர் ஒரு நாள் இறங்கிப்போட்டு மிச்ச நாள் போட்டில இருந்து மற்றவைக்குத் தேத்தண்ணி ஊத்திறதையும் பாத்திருக்கிறன்.

ட்ரை சூட், இதில கொஞ்சம் நிண்டு கதைக்க வேணும்

தண்ணி காத்தை விட 20, 25 மடங்கு கெதியா உடம்புச் சூட்டை இழுத்தெடுக்கும். வெற் சூட் போட்டா உள்ளுக்குத் தண்ணி போகும், 8 பாகையில கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கலாம், அதுக்கு மேல விரல் சொல்வழி கேக்காது. ட்ரை சூட் எண்டது கழுத்திலயும் மணிக்கட்டிலயும் ரப்பர்ச் சீல் இறுக்கிப் பிடிக்க, உள்ளுக்குத் தண்ணியே வராத உடுப்பு. சூடு தாறது சூட் இல்லை, உள்ளுக்குப் போடுற தடிச்ச அன்டர் சூட்டும் அதுக்குள்ள நிக்கிற காத்தும்தான். தலைக்கு 7 மில்லிமீற்றர் ஹூட், கைக்குத் தடிச்ச கிளவுஸ், ஏலுமெண்டா ட்ரை கிளவுஸ்.

போடேக்க மணிக்கட்டுச் சீலுக்கு பேபி பவுடர் பூசிக் கையை ஆறுதலா விடுங்கோ, நகம் வெட்டியிருக்க வேணும். கழுத்துச் சீலுக்குள்ள அன்டர் சூட்டின்ர நூலோ தலைமயிரோ ஒண்டு மாட்டினாலும் அதால நூல் பிடிச்ச மாதிரித் தண்ணி இறங்கும். ஸிப்பை நீங்களே இழுத்தாலும் மற்றவனைக் கொண்டு தடவிப் பாக்கச் சொல்லுங்கோ. நான் ஒருக்கா கடைசி ஒரு விரற்கடை மூடாமல் குதிச்சு, அந்த ஒரு விரற்கடையால வந்த தண்ணி காலில இருந்து நிரம்பி போட் லிஃப்ரில ஏறேக்க ரெண்டு காலும் சாக்குமூட்டை மாதிரி. பேந்து குந்தி இருந்து, கழுத்துச் சீலை ஒரு விரலால கொஞ்சம் விலத்தி, உள்ளுக்கு இருக்கிற காத்தை வெளிய விடுங்கோ.

தண்ணிக்குள்ள இதை ஓட்டிறது வேற பழக்கம். இறங்க இறங்க உள்ளுக்கு இருக்கிற காத்து சுருங்கி சூட் உடம்பை நுள்ளும், நெஞ்சில இருக்கிற பட்டனை அமத்தி ஒரு சொட்டுக் காத்து விடுங்கோ, நிறைய இல்லை. ஏறி வரேக்க அதே காத்து விரியும், இடது தோளில இருக்கிற வால்வால தானா வெளிய போகும், ஆனா தோளைக் கொஞ்சம் உயத்திப் பிடிச்சாத்தான். கால் மேல தலை கீழ போனா காத்தெல்லாம் காலுக்கு ஓடி, வால்வால வெளிய போகவும் ஏலாமல், ரொக்கெட் மாதிரி மேல இழுத்துக்கொண்டு போகும். இதுக்கு ஒரே வழி முழங்காலை நெஞ்சுக்கு மடிச்சு பந்து மாதிரி உருண்டு தலை மேல வாறது. நீச்சல் தடாகத்தில இதைப் பத்துத் தரம் செய்து பழகின பிறகு கடலுக்கு வாங்கோ. அன்டர் சூட்டில காத்து கன்னக்க நிக்கிறதால ஈயமும் கூட வேணும், இஞ்ச 4 கிலோவோட தாழுற எனக்கு அங்க 13.

றெகுலேற்றர் உறையிறது

றெகுலேற்றர் எண்டது சிலிண்டர்க் காத்தின்ர அமுக்கத்தைக் குறைச்சு வாய்க்குத் தாற சாமான், அதில சிலிண்டரோட பூட்டுற பகுதிதான் முதல் ஸ்டேஜ். சிலிண்டருக்குள்ள இருக்கிற அமுக்கக் காத்து முதல் ஸ்டேஜால விரிஞ்சு வெளிக்கிடேக்க தானாக் குளிரும், தண்ணி 10 பாகைக்குக் கீழ எண்டா அந்தக் குளிரில வால்வைச் சுத்தி ஐஸ் பிடிச்சு திறந்தபடி இறுகிடும். பேந்து காத்து நிப்பாட்டேலாமல் கொட்டும். ஐரோப்பிய அளவுகோலின்படி குளிர் தண்ணியில டெஸ்ட் பண்ணாத றெகுலேற்றரில 10 பாகைக்கு மேல மட்டும் எண்டு குறிச்சிருக்கும், அந்தக் குறியைப் பாத்து அதை ஒதுக்குங்கோ. முதல் ஸ்டேஜ் தண்ணி உள்ளுக்குப் போகாதபடி சீல் பண்ணினதா இருக்க வேணும்.

எனக்கு இது நடந்தது, ஸ்காப்பாவில இல்லை, பழகேக்க ஒரு கடல்வாய்க்குள்ள 18 மீற்றரில. வாடகைக்கு எடுத்த சாமான், குடுத்த ஆள் போன கிழமைதான் சேர்விஸ் பண்ணினது எண்டு சொன்னவர். இறங்க முதல் போட்டில நிண்டு சும்மா ரெண்டு மூண்டு தரம் றெகுலேற்றர்ப் பட்டனை அமத்திப் பாத்தன், அதுவும் பிழை, அந்தக் குளிர் காத்தில அப்பிடிச் செய்தா அப்பவே உறையத் தொடங்கும். கீழ போய் சூட்டுக்குக் காத்து விடுறன், மிதக்க வைக்கிற ஜக்கெற்றுக்கும் விடுறன், மூச்சும் இழுக்கிறன், மூண்டும் ஒரே நேரம், டப் எண்டு ஒரு சத்தம், முகம் முழுக்கக் குமிழி, ஒண்டும் தெரியேல்லை. சிலிண்டரில 150 பார் (காத்தமுக்க அளவு) இருந்தது, ரெண்டு மூண்டு நிமிசத்தில முள் சிவப்புக்குப் போச்சு. கூட வந்தவர் அவரின்ர மற்ற றெகுலேற்றரை என்ர வாய்க்குள்ள வைச்சு என்ர தோளைப் பிடிச்சு கண்ணைப் பார் எண்டு காட்டினார், ஆறுதலா ஏறினம். அந்த மனிசனுக்கு நான் இன்னும் வருசப் பிறப்புக்குப் பலகாரம் அனுப்புறனான்.

அதால அங்க ஒரே ஒரு சிலிண்டர், ஒரே ஒரு முதல் ஸ்டேஜோட இறங்கக்கூடாது. ஒண்டில் 12 லீற்றர் ரெண்டு சேத்துக் கட்டினது, இல்லாட்டி 15 லீற்றரும் பக்கத்தில 3 லீற்றர் தனிச் சின்னச் சிலிண்டரும். ரெண்டுக்கும் வேற வேற றெகுலேற்றர்.

காத்துக் கணக்கு, மேல இருந்து கீழ போடுறது

இதை மட்டும் வாசிச்சிட்டு மிச்சத்தை விட்டாலும் பரவாயில்லை. எங்கட பெடியள் கீழ எவ்வளவு நேரம் நிக்கலாம் எண்டு கணக்குப் பாப்பினம். அங்க முதல் கேள்வி, ரெண்டு பேர் ஒரே சிலிண்டரில மேல வர எவ்வளவு வேணும் எண்டது.

பேப்பரும் பேனையும் எடுங்கோ. ஆறுதலா இருக்கேக்க ஒரு ஆள் மேல ஒரு நிமிசத்துக்கு 20 லீற்றர் இழுப்பார், பயந்தா 30, அதுக்கும் மேல. ரெண்டு பேர் பயந்தா 60. 30 மீற்றரில அமுக்கம் 4, அப்ப நிமிசத்துக்கு 240 லீற்றர். என்ன நடந்தது எண்டு விளங்கி ஒழுங்குபடுத்த 2 நிமிசம் குடுங்கோ, 480. நிமிசத்துக்கு 9 மீற்றர் எண்டு ஏற மூண்டரை நிமிசம், சராசரி அமுக்கம் இரண்டரை, 525. 5 மீற்றரில 3 நிமிசம் நிண்டு வர 270. எல்லாம் சேத்து 1275 லீற்றர். இதை 12 லீற்றர் சிலிண்டரால பிரியுங்கோ, 106 பார். அப்ப நீங்கள் 200 பாரோட இறங்கினா பாதி உங்கட இல்லை! 15 லீற்றர் எண்டா 85 பார், ரெண்டு பன்னிரண்டு எண்டா 53. நான் ரெட்டைச் சிலிண்டரில 70 பார் வந்த உடன ஏறத் தொடங்குவன், கப்பல் எவ்வளவு வடிவா இருந்தாலும்.

இழுக்க இறுகினா மேல வருவம் எண்ட கணக்கில இந்த 1275 லீற்றர் எங்க இருக்கு எண்டு வாடியில கேட்டன், ஒருத்தரும் கதைக்கேல்லை. பெரியம்மான்ர மூத்தவரும் அந்த இடத்தில கதிரையில இருந்தவர். அவர்தான் பேப்பரை வாங்கி, 40 மீற்றருக்கு எவ்வளவு வரும் எண்டு தானே போட்டுப் பாத்தார்.

நேரக் கணக்கும் ஒண்டு இருக்கு. சாதாரண காத்தில, இடையில கட்டாய நிப்பாட்டு இல்லாமல் ஏறி வரக்கூடியதா 30 மீற்றரில நிக்கிற நேரம் 20 நிமிசம் அளவுதான். ஒட்சிசன் 32 வீதம் போட்ட நைற்றொக்ஸ் எண்டா கிட்டத்தட்ட 30. ஆனா 32 வீதத்தோட 33 மீற்றருக்குக் கீழ போகக்கூடாது, ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பு வரும், தண்ணிக்குள்ள வலிப்பு எண்டா விளங்கும்தானே. குரூசருக்கு 28 வீதம் நல்லம், அது 40 மீற்றர் வரை. சிலிண்டரை நீங்களே மெஷினில சோதிச்சு வீதத்தை ரேப்பில எழுதி ஒட்டுங்கோ, மற்றவன் சொன்னான் எண்டு நம்பவேண்டாம்.

அங்க போற நாள்

ஸ்கொட்லாந்தின்ர வடக்கு முனையில ஸ்க்ரப்ஸ்டரில இருந்து ஃபெரி எடுத்தா ஒண்டரை மணித்தியாலத்தில ஸ்ட்ரொம்னஸ். டைவ் போட்டெல்லாம் அங்கதான், ஒரு கிழமைக்கு புக் பண்ணி போட்டிலயே படுத்துச் சாப்பிட்டு இறங்கிறது வழமை. எங்கட பிளாஸ்டிக் போட் மாதிரி இல்லை, பழைய மீன்பிடிக் கப்பலை மாத்திக் கட்டினது, பின்னால ஒரு இரும்புத் தட்டு லிஃப்ட் இருக்கு, நீங்கள் அதில நிண்டா அது தூக்கி ஏத்தும். 40 கிலோவை முதுகில கட்டிக்கொண்டு ஏணியில ஏறாமல் விட்டதுக்கே காசு குடுக்கலாம்.

முதல் நாள் கார்ல்ஸ்ரூ, இல்லாட்டி லைனெஸ் பக்கம் 16, 18 மீற்றரில கிடக்கிற F2 எண்ட சின்ன ஜேர்மன் கப்பல். அங்க ஈயம் சரியோ, சூட் ஒழுகுதோ எண்டு பாருங்கோ. ரெண்டாம் நாள் குரூசர். பட்டில்ஷிப் கிழமைக் கடைசிக்கு, அதுவும் கை பழகினா மட்டும். நடுவில காலநிலை மோசமா இருந்தா பர்ரா சவுண்டில கிடக்கிற தபார்க்கா மாதிரி, கடல்வழியை மறிக்க வேணுமெண்டே தாட்ட கப்பலுகளுக்குக் கொண்டு போவினம். அங்க நீரோட்டம் கொக்கிளாய் முகத்துவாரம் வெட்டி ஓடுற நேரம் மாதிரி, பெருக்கும் வத்தும் மாறுற இடையில தண்ணி நிக்கிற கொஞ்ச நேரத்துக்குள்ள இறங்கி ஏற வேணும். எப்ப குதிக்கிறது எண்டு போட்காரர்தான் முடிவெடுப்பார், வாய்காட்டாதேங்கோ.

கப்பலில ஒரு கயிறு கட்டி மேல மிதவை விட்டிருப்பினம், அதைப் பிடிச்சு இறங்கிறது. முகத்தில தண்ணி பட்ட உடன மூச்சு அடைக்கும், நெஞ்சு இடிக்கும், மேலயே ஒரு நிமிசம் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு மூச்சு ஒழுங்கான பிறகு இறங்குங்கோ. பச்சைத் தண்ணி, பத்து மீற்றர் தெரிஞ்சா நல்ல நாள். 15 மீற்றர் தாண்ட இருட்டும், ரோச் லைற்றை மூட்டுங்கோ. முதல்ல ஒண்டும் தெரியாது, பேந்து கீழ இருட்டை விடக் கறுப்பா ஒரு சுவர் வரும்.

கப்பலில

குரூசர் எல்லாம் பக்கவாட்டில சரிஞ்சு கிடக்கு, அப்ப டெக் சுவராகி நிக்கும், மூளை குழம்பும். கோல்னில கட்டளைக் கோபுரம் அப்பிடியே பக்கவாட்டில நீட்டிக்கொண்டு நிக்கிறதைப் பாக்கலாம், சுத்தி வெள்ளையும் செம்மஞ்சளுமா கடல்பூ மூடி இரும்பே தெரியாது. பட்டில்ஷிப் தலைகீழாக் கவிண்டு கிடக்கு, குரோன்பிரின்ஸ் வில்ஹெல்மில அடியால போனா 30.5 சென்ரிமீற்றர் பீரங்கி மண்ணோட சேந்து கிடக்கிறதைக் காணலாம், குழல் வாய்க்குக் கிட்ட லைற் அடிச்சா உள்ளுக்கு ஒரு மீன் இருந்து பாக்கும்.

உள்ளுக்குப் போறது? வேண்டாம். நூறு வருசம் கடந்த இரும்பு, வருசத்துக்கு வருசம் இடிஞ்சு விழுகுது, உள்ளுக்குச் சேறு, ஒருக்கா துடுப்பு அடிச்சா கை தெரியாது, வந்த வழியும் தெரியாது. அதுக்குத் தனிக் கோர்ஸ், நூல் உருளை, மூண்டில ஒரு பங்கு காத்துக் கணக்கு எண்டு இருக்கு, இந்த வழிகாட்டி அதுக்கு இல்லை. வெளியிலயே ஒரு கிழமைக்குக் காணும்.

குண்டுகள், வெடிமருந்து எண்டு சாமான் கிடக்கும். கண்டால் தொடாதேங்கோ எண்டு வெள்ளைக்காரருக்கு பிறீஃபிங்கில பத்து நிமிசம் சொல்லுவினம். மிதிவெடி எண்ட சிவப்பு மண்டையோட்டுப் போர்டைப் பாத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன எங்களுக்கு ஒரு சொல்லுக் காணும்.

எடுக்கிறதும் இல்லை. இந்த ஏழு கப்பலும் 2001இல இருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், ஒரு பித்தளை ஆணி கழட்டினாலும் குற்றம். பிரித்தானியாவில வேற எந்தத் தாண்ட கப்பலில இருந்து என்ன எடுத்தாலும் 28 நாளுக்குள்ள அரசாங்க அதிகாரிக்கு அறிவிக்க வேணும். அதே ஸ்காப்பாவுக்குள்ள றோயல் ஓக் எண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கு, 1939 ஒக்டோபர் 14 ஜேர்மன் நீர்மூழ்கி அடிச்சு 830க்கு மேல ஆக்கள் அதோட போனவை. அது கல்லறை, கிட்டப் போகவே விடாயினம். மிதவையை போட்டில இருந்து பாத்தனான். 2006 மார்கழியில எங்கட கரையில தட்டின ஜோர்தான்காரரின்ர ஃபாரா கப்பல் ஞாபகம் வந்தது. அது சரக்குக் கப்பல், அதுக்குள்ள ஆக்கள் சாகேல்லை. ஆனா 2009இல அதைச் சுத்தின மணலில என்ன நடந்தது எண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு அந்தத் துருப்பிடிச்ச இரும்பு வேற மாதிரித்தான் தெரிஞ்சது.

ஏறி வாறது

70 பார், இல்லாட்டிக் கொம்பியூற்றர் சொன்ன நேரம், எது முதல் வருதோ அது. கயிற்றடிக்குத் திரும்பி வரேலாட்டி அந்தரப்படாமல் மிதவைப் பையை விடுங்கோ, அது செம்மஞ்சள் நிறத்தில நீளமா ஒரு பலூன், நூல் உருளையில கட்டினது. உருளையை உங்கட உடம்பில கொழுவிப்போட்டு விட்டா அது உங்களையும் சேத்து இழுத்துக்கொண்டு மேல போகும், கையில பிடியுங்கோ, சிக்கினா கை விடுங்கோ. மேல போட்காரர் பலூனைக் கண்டு பின்னால வருவார்.

நிமிசத்துக்கு 9 மீற்றர், அதை விட ஆறுதல் எண்டாலும் நல்லம், ஏறேக்க தோளை உயத்திச் சூட் காத்தை விட்டுக்கொண்டே வாங்கோ. 5 மீற்றரில ஆகக் குறைஞ்சது 3 நிமிசம், நான் 5 நிப்பன். கொம்பியூற்றர் கூடச் சொன்னா கூட. விறைக்குது, மூத்திரம் முட்டுது, மேல சூப் வாசம் வாற மாதிரி ஒரு பிரமை, எல்லாம் இருக்கும், நில்லுங்கோ. மேல வந்த பிறகும் றெகுலேற்றரை வாயில இருந்து எடுக்காமல் லிஃப்டில ஏறுங்கோ.

பேந்து

உடன சுடுதண்ணியில குளிக்கிறது வேண்டாம், குமிழி கூடும். உடுப்பை மாத்தி, தொப்பி போட்டு, தேத்தண்ணி குடிச்சு ஆறுதலா இருங்கோ, தண்ணியும் நிறையக் குடியுங்கோ. ரெண்டாவது இறக்கத்துக்கு முதல் ரெண்டு மூண்டு மணித்தியாலம் விடுங்கோ. மூட்டு உளைவு, தோல் கடி, கை கால் விறைப்பு, தலைச்சுத்து, வழமைக்கு மாறான களைப்பு, இதில எது வந்தாலும் குளிராக்கும் எண்டு ஒளிக்காதேங்கோ, போட்காரரிட்டச் சொல்லுங்கோ. சுத்த ஒட்சிசன் தருவினம், கோஸ்ட்கார்டுக்கு அடிப்பினம், அமுக்க அறைக்கு (திரும்ப அமுக்கம் ஏத்தி ஆறுதலாக் குறைக்கிற அறை) அனுப்புவினம். இஞ்ச எண்டாலும் அதேதான், ஒட்சிசனைக் குடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ, அமுக்க அறை திருகோணமலையில நேவிக்காரரிட்ட இருக்கு எண்டு டொக்டருக்கு நீங்களே சொல்லுங்கோ. சிலிண்டரைக் கட்டித் திரும்பத் தண்ணிக்குள்ள இறக்கினா சரிவரும் எண்டு சொல்லுற பழக்கம் எங்கட கரையில இருக்கு, அதைச் செய்யாதேங்கோ, அரைகுறையா இருக்கிற ஆள் முழுசாப் போயிடுவார். கடைசி இறக்கத்துக்குப் பிறகு 24 மணித்தியாலம் பிளேன் ஏறுறேல்லை, அந்த நாளை ஓர்க்னியைச் சுத்திப் பாக்க வைச்சுக்கொள்ளுங்கோ.

சூட்டை நல்ல தண்ணியில கழுவி, ஸிப்புக்கு மெழுகு பூசி, நிழலில தொங்கவிடுங்கோ, வெயில் பட்டா ரப்பர்ச் சீல் வெடிச்சிடும். ஓட்டையை ஒட்டிப்போட்டு நானும் அண்டைக்கு அப்பிடித்தான் கிணத்தடி மாமரத்தில கொழுவிவிட்டனான். இரவு முழுக்கச் சித்தப்பா வீட்டு நாய் அதுக்கு முன்னால நிண்டு குலைச்சு ஒருத்தரையும் நித்திரை கொள்ள விடேல்லை, விடியப் போய்ப் பாத்தா ஒரு காலைக் கடிச்சு வைச்சிருக்கு. ஒட்டினதோட சேத்து இப்ப ஓட்டை ரெண்டு.